பேட்டரியை மாட்டியது நான்தான்

1984 ஜனவரி 19, வியாழக்கிழமை
வீடு

அன்பு மகன் மிரோனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் சுரங்க முகாமில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் புதன்கிழமை விமானத்தில் உன் கைக்கு வரும். சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. முகாமின் ரேடியோ டெலிபோனில் கூப்பிட்டே சொல்லியிருப்பேன். ஆனால் அதில் நாம் பேசினால் வடக்கில் காது உள்ள எல்லாரும் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் திருநாள். ஏரியில் பனிக்கட்டியை அறுத்துச் சிலுவை நிறுத்தியிருந்தார்கள். பாதிரியார் தெளித்த தீர்த்தம் என் கோட்டில் விழுவதற்குள் மணிமணியாக உறைந்து உருண்டது. பத்து நாளாகப் பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தைந்தைவிட ஏறவே இல்லை. இரண்டு சேவல்களுக்குக் கொண்டை கருகிவிட்டது. கிணற்றுப் பம்பு உறைந்து, காய்ச்சிய தண்ணீரை ஊற்றி ஊற்றி இளக்கினேன். கிறிஸ்துமஸுக்கு நீ கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட கோதுமைப் பாயசம் இன்னும் ஒரு சட்டி வெளியே உறைந்து கிடக்கிறது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

இனி உன் வீட்டுச் செய்தி. என் மருமகள் ஒரீசியாவின் காரில் புதுப் பேட்டரி போட்டாயிற்று. போட்டது நான். வேறு யார் மேலும் சந்தேகப்படாதே.

ஒன்பதாம் தேதி நீ புறப்பட்டபோது, உன்னோடு வேலை செய்பவனின் வண்டி என் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. இறங்கி வந்து, "அவ கார் பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டேம்மா. இந்தக் குளிர்ல சும்மா நின்னா செத்துப்போயிடும். வந்து மாட்டிக்கறேன்" என்றாய். உன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று மனசுக்குள் பெருமை வேறு. அவளுக்கு ஏதாவது தேவைப்பட்டால் என்ன செய்வாள் என்று கேட்டேன். எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறேன், அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை என்றாய். அதற்கும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி இருக்கும். மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நாய் விடாமல் குரைத்தது. ஜன்னலில் உறைந்திருந்ததைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், வேலியோரமாக ஒரு உருவம் குனிந்தபடி வருகிறது. பின்னால் கயிற்றில் என் பேத்தி டானாவின் சறுக்கு வண்டி. உன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு இரண்டரை மைல். அன்றைக்கு முப்பத்தெட்டு, காற்று வேறு.

கதவைத் திறந்ததும் நான் செய்த முதல் காரியம் அவளைத் திட்டியதுதான். "உனக்குப் புத்தி இருக்கா? நாலு வயசுக் குழந்தையை இந்தக் குளிர்ல இழுத்துக்கிட்டு வர்றியே! ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நான் வண்டியை எடுத்துக்கிட்டு வந்திருக்க மாட்டேனா?" உதடு மரத்து அவளுக்குப் பேச்சு எழவில்லை. அடுப்புப் பக்கம் உட்கார வைத்துக் கொஞ்சம் சூடு ஏறிய பிறகுதான் சொன்னாள். "எந்த ஃபோன்ல, அத்தை?"

டிசம்பரிலேயே லைனை வெட்டச் சொல்லிவிட்டாயாமே. நான் கூப்பிட்டபோதெல்லாம் கிடைக்காததற்கு, கம்பத்தில் கோளாறு, வசந்தத்தில்தான் சரிசெய்வார்கள் என்று என்னிடம் சொன்னாய். அதையும் நம்பினேன்.

குழந்தையைச் சுற்றியிருந்த கனத்த போர்வையைப் பிரித்துப் பார்த்தால் டானா நெருப்பாய்க் கொதிக்கிறாள். காதைப் பிடித்துக்கொண்டு அழக்கூடத் தெம்பில்லாமல் முனகுகிறாள். இரண்டு நாளாக அப்படித்தான் இருந்திருக்கிறாள். இருவரையும் பிக்கப்பில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். செவிப்பறை கிழிந்துவிட்டது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சீழ் உள்ளே இறங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மருந்து ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை கஞ்சி குடித்தாள்.

ஒரீசியாவின் இடது காலில் இரண்டு விரல் கறுத்துக் கொப்பளித்திருந்தது. அதற்குக் கட்டுப்போட வந்த நர்ஸ், இரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். முழங்கைக்கு மேலே சில இடம் மஞ்சள், சில இடம் நீலம். நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் அப்படியே பதிந்திருந்தன. இது எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டாள். "படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் ஒரீசியா. நர்ஸ் எழுதிக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம், மிரோன். அதே ஆஸ்பத்திரியில் நானும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை குழந்தைக்குத் துணி எடுக்க உன் வீட்டுக்குப் போனேன். வெளிச்சம் இருக்கும்போதே பேட்டரியையும் எடுத்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். இன்னமும் நீ சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பேட்டரியைக் குளிரிலிருந்து காப்பாற்ற நினைக்கிறவர்கள் அதை எங்கே வைப்பார்கள்? நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பலகைமேல். உன் அப்பா அப்படித்தான் வைப்பார். ஊரில் எல்லாரும் அப்படித்தான். நிலவறையில் தேடினேன். இல்லை. சமையலறை, படிக்குக் கீழே, எங்கும் இல்லை. வெளியே வந்து பார்த்தால், இந்தக் குளிரில் புதுப் பனியே விழாததால் உன் பூட்ஸ் தடம் அப்படியே இருந்தது. காரிலிருந்து நேராகத் தானியக் கொட்டகைக்குப் போய்த் திரும்பியிருந்தது. கதவில் புதுப் பூட்டு.

சுத்தியலால் கொண்டியைப் பெயர்த்தேன். அதுவும் நான்தான், ஒரீசியா இல்லை. பேட்டரி காலிச் சாக்குகளுக்கு அடியில் வெறும் சிமெண்ட் தரையில் இருந்தது. உள்ளே எல்லாம் உறைந்து பக்கங்கள் உப்பி, ஒரு மூலை பிளந்திருந்தது. என்ஜினைச் சூடாக்கும் ஒயரும் அங்கேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

நான் அந்தச் சாக்குகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மரத்த பிறகுதான் எழுந்தேன்.

உடைந்த பேட்டரியைத் துணி துவைக்கும் தொட்டியில் வைத்து டவுனுக்கு எடுத்துப் போனேன். ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஆர்னியை உனக்குத் தெரியும், உன் முதல் வண்டியைச் சரிசெய்து கொடுத்தவர். அவர் அதைப் பார்த்து, "இது போயிடுச்சு, அக்கா. சார்ஜ் இறங்கின பேட்டரி, ஐஸாகி வெடிச்சிருக்கு. எங்க வெச்சிருந்தீங்க?" என்றார். கொட்டகையில் என்றேன். "குளிருக்காகக் கழட்டினதை யாராச்சும் கொட்டகையில வைப்பாங்களா?" என்று சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தான் வந்து மாட்டித் தருவதாக மட்டும் சொன்னார். வேண்டாம், நான்தான் மாட்ட வேண்டும், எப்படி என்று சொல்லிக் கொடுங்கள் என்றேன். ஒர்க்ஷாப் தரையில் முட்டிபோட்டு எனக்குப் பாடம் எடுத்தார். "சிவப்பு முதல்ல, கறுப்பு கடைசியில. அந்த மோதிரத்தைக் கழட்டிடுங்க. அதோட ஸ்பேனர் பட்டுதுன்னா விரல் வெந்துடும்." முப்பத்தேழு வருஷத்து மோதிரம். சோப்பு போட்டு இழுத்துத்தான் வந்தது.

புதுப் பேட்டரியை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் சமையலறையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அதைக் கனத்த போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட ஒரீசியாவோடும் டானாவோடும் உன் வீட்டுக்குப் போனேன். குழந்தையை உள்ளே அடுப்பு மூட்டி உட்கார வைத்தோம். ஒயர் கட்டைபோல விறைத்திருந்தது, வளைத்தால் ஒடிந்துவிடும்போல. அதை வீட்டுக்குள் கொண்டுபோய் இளக்கி, என்ஜினுக்கு மின்சாரம் கொடுத்து மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அந்த மூன்று மணி நேரத்தில் அவள் இரண்டு பெட்டி கட்டினாள். எதை எடுப்பது எதை விடுவது என்று என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டாள். கல்யாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். அது அங்கேதான் இருக்கிறது.

கேபிள் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கையுறையோடு திருகு பிடிபடவில்லை. கழற்றினால் ஸ்பேனர் தோலில் ஒட்டிக்கொள்கிறது, பிய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் கையை அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பது. காற்று என்மேல் படாமல் ஒரீசியா போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டை காணவில்லை. வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டினேன். சிவப்பு, பிறகு கறுப்பு. கறுப்பைத் தொட வைக்கும்போது சின்னதாக ஒரு பொறி பறந்தது. நான் அலறியதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

அவள் சாவியைத் திருகினாள். என்ஜின் வயிற்றுவலிக்காரன்போல முனகியது. இரண்டாம் தரமும் அப்படியே. கொஞ்சம் பொறு, அதற்கு மூச்சுவிட நேரம் கொடு என்றேன். மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை முற்றம் முழுக்க. அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஜன்னலைத் தட்டி, "அழறதை அப்புறம் வெச்சுக்க. இப்ப அணைச்சுடாதே, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதி" என்றேன்.

கிளம்பும்போது கேட்டாள். "அவர் கேட்டா என்ன சொல்வீங்க, அத்தை?" நான்தான் மாட்டினேன் என்று சொல்வேன் என்றேன். "உங்களை ஏதாவது பண்ணிட்டா?" என்றாள். அவன் என் பிள்ளை என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் நின்ற இடத்திலேயே நின்றதால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகியிருந்தது. சாலையில் ஏறும் வரை கார் நொண்டி நொண்டித்தான் போனது. வளைவில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தெரிந்தும் மறந்திருக்கலாம். உன் அப்பா தானியம் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும் நாட்களில் என் பூட்ஸை ஒளித்து வைத்துவிட்டுப் போவார். பூட்ஸ் இல்லாமல் இந்த நாட்டில் ஜனவரியில் எவ்வளவு தூரம் போக முடியும்? வெளியில் பார்க்கிறவர்களுக்கு அவர் நல்ல மனிதர். ஒருநாள், உனக்கு ஏழு வயது, வைக்கோல் பரணில் ஏறி அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாய். என் காலில் நீயே மாட்டிவிட்டு, "போலாம்மா" என்றாய். நான் உனக்குக் கோட்டு மாட்டினேன். கதவு வரைக்கும் வந்தோம். பிறகு உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து பார்த்தால் உன்னை அடிப்பாரே என்று பயந்து, பூட்ஸை நானே பரணில் கொண்டுபோய் வைத்தேன். நீ ஏணிக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று இந்த ஒரு வாரமாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அதில் என் பங்கு எவ்வளவோ அவ்வளவையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதி உன்னுடையது.

அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூப்பிட்டுச் சொன்னாள். எங்கே என்று கேட்காதே. உன் வீட்டில் தண்ணீர்க் குழாய்களை வடித்துவிட்டேன், அடுப்பை அணைத்துவிட்டேன். விறகு வெட்டும்போது கவனம். கோபத்தில் கோடாலியை எடுக்காதே.

ஆண்டவர் உன் கைகளைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
டோக்கியா


1984 பிப்ரவரி 9, வியாழக்கிழமை
வீடு

அன்பு மகன் மிரோனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

அதற்கு முன்னால் நீ ரேடியோ டெலிபோனில் கூப்பிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. "எங்கே அவ? உன்னை யாரு கை வைக்கச் சொன்னது? நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?" என்று கத்தினாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். நல்ல வேளை. என்ன சொல்வது என்று எனக்கு அன்று தெரியவில்லை. அப்புறம் இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். பசு கன்று ஈன்றதால் எழுந்து நடமாட வேண்டியதாயிற்று. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. பால் நன்றாகக் குடிக்கிறது.

இப்போது சொல்கிறேன். நான் உனக்குத்தான் அம்மா. அதனால்தான் மாட்டினேன். அவள் அடுத்த தடவையும் நடந்தே வந்திருந்தால், வழியில் விழுந்திருந்தால், குழந்தையோடு சேர்த்துப் பனியிலிருந்து எடுத்திருந்தால், நீ என்ன ஆகியிருப்பாய்? ஊர் உன்னை என்ன சொல்லும் என்று கேட்கவில்லை. கண்ணாடியில் உன் முகத்தை எப்படிப் பார்ப்பாய்?

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்துவிட்டேன். முதல் பக்கத்தில் என் மேலும் அவள் மேலும் நீ எழுதியிருப்பதற்குப் பதில் எழுதப் போவதில்லை. பேட்டரியை அவளுடைய நன்மைக்காகத்தான் கழற்றினேன், அவளுக்குப் பனியில் ஓட்டத் தெரியாது என்கிறாய். பதினாறு வயதிலிருந்து அவள் ஓட்டுகிறாள், மிரோன். உன்னை டவுனில் நடனத்துக்கு முதலில் கூட்டிப்போனதே அவள்தான், அவள் அப்பாவின் லாரியில். பனியில்தான்.

ஆனால் பின்பக்கத்தில், மடிப்புக்குக் கீழே, பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "டானாவுக்குக் காது கேக்குதா?" அதை எழுதிவிட்டு அழிக்கப் பார்த்திருக்கிறாய். அழியவில்லை.

கேட்கிறது. வலது காது கொஞ்சம் மந்தம், போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரீசியாவின் கால்விரல்களும் தப்பிவிட்டன, நகம் மட்டும் போய்விட்டது. உன் வரியை டெலிபோனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, "அவர் குழந்தைக்கு எழுதட்டும், அத்தை. உங்க விலாசத்துக்கு எழுதட்டும். நீங்க படிச்சுப் பார்த்து அனுப்புங்க. எனக்கு ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றாள். திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டேன். வரமாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடை அடைத்தாயிற்று என்பதுபோலச் சொன்னாள். அதை உன்னிடம் மறைத்து வைப்பதில் நன்மை இல்லை.

பாதிரியாரிடம் பேசியிருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்திருக்கும். நகரத்தில் ஆண்கள் சிலர் வாரம் ஒருமுறை கூடி உட்கார்ந்து பேசுகிறார்களாம். உன்னைப்போல மனைவியிடம் நடந்துகொண்டவர்கள். ஒரு மருத்துவர் நடத்துகிறார். நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போ. உன் அப்பா காலத்தில் அப்படி ஒரு இடம் இருந்திருந்தாலும் அவர் அங்கே போயிருக்க மாட்டார். நீ போவாயா என்றுதான் கேட்கிறேன்.

இருபதாம் தேதி விமானத்தில் வருவாய் என்று தெரியும். நேராக என் வீட்டுக்கு வா. உன் வீடு உறைந்து கிடக்கிறது, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்? உன் பழைய அறையில் படுக்கை விரித்து வைத்திருப்பேன். பீட்ரூட் சூப்பும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் இருக்கும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. எத்தனை தரம் கேட்டாலும் அவர்கள் இருக்கும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டேன்.

விமான மைதானத்துக்கு நானே வருவேன். வாசலிலேயே நிற்பேன், நீ தேட வேண்டியதில்லை. பாதை முழுக்க வழுக்கலாக இருப்பதால் ஆர்னியும் கூட வருகிறார். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் என்னோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், கொட்டகைக் கதவைச் சரிசெய்ய. அதற்காக வருத்தப்படாதே, மகனே. இத்தனை வருஷம் நான் தனியாகத்தான் கதவைத் திறந்திருக்கிறேன். இந்த ஒரு தடவை தனியாகத் திறக்கத் தைரியம் இல்லை.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். சாப்பிடு. நல்லபடியாக வந்து சேர். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

உனக்காக ஜெபித்துக்கொண்டே இருக்கும்,
அம்மா